“முழுசா எடுத்துட்டீங்களா, டாக்டர்?” – கட்டியின் எல்லையைத் தேடிய ஒளியின் வரலாறு

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்)



அறுவை சிகிச்சைக் கூடத்தின் வாசலில் காத்திருந்த அனுபவம் உங்களில் பலருக்கு இருக்கும். மணிக்கணக்கில் நாற்காலியில் உட்கார்ந்திருப்போம். வாங்கி வந்த கோப்பி கையிலேயே ஆறிப் போயிருக்கும். கதவு திறந்து டாக்டர் வெளியே வந்ததும் குடும்பமே எழுந்து நிற்கும். நம் வாயிலிருந்து முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: “முழுசா எடுத்துட்டீங்களா, டாக்டர்?”

டாக்டர் சொல்லும் பதிலை நீங்கள் கவனித்திருக்கலாம். “கண்ணுக்குத் தெரிந்தவரை எடுத்துவிட்டோம்” என்பார். அது நேர்மையான பதில். மருத்துவமனை ஆய்வகத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அந்தக் “கண்ணுக்குத் தெரிந்தவரை” என்ற சொற்களுக்குள்தான் புற்றுநோய் அறுவை சிகிச்சையின் மிகப் பெரிய சிக்கல் அடங்கியிருக்கிறது.

புற்றுநோய்க் கட்டி என்பது பித்தப்பைக் கல்லைப் போல் தனியாக எடுத்து வைக்கக்கூடிய பொருள் அல்ல. நடுப்பகுதி கட்டியாகத் தெரியும். ஓரத்திற்குப் போகப் போக, நல்ல சதையும் நோயுற்ற சதையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். நிறம் ஒன்றுபோலவே இருக்கும். விரலால் தடவிப் பார்த்தாலும் வேறுபாடு தெரியாது. வெட்டி எடுத்த துண்டை ஆய்வகத்திற்கு அனுப்பி, நுண்ணோக்கியில் பார்த்த பிறகுதான் ஓரத்தில் நோய் மிச்சம் இருக்கிறதா என்பது தெரியவரும். பல வேளைகளில் அந்த முடிவு வருவதற்குள் நோயாளி வீட்டுக்கே போயிருப்பார். மிச்சம் இருந்தால் இன்னோர் அறுவை சிகிச்சை. அல்லது, மீண்டும் வளரும் ஒரு கட்டி.

டாக்டரின் கத்தி உள்ளே இருக்கும்போதே, அந்த ஓரம் தானாக ஒளிவிட்டுக் காட்டினால் எப்படி இருக்கும்? இந்த எண்ணம் நேற்று முளைத்ததன்று. அதன் வரலாற்றைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

கொய்னா காட்டிய நீல ஒளி

நாணய மாற்றுக் கடைக்குப் போகிறோம். கடைக்காரர் நாம் கொடுத்த பணத்தாளை ஒரு சிறிய ஊதா விளக்கின் கீழ் வைக்கிறார். சாதாரண வெளிச்சத்தில் தெரியாத கோடுகளும் எண்களும் பளிச்சென்று எழுகின்றன. நம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை அந்த மை வாங்கிக்கொள்கிறது. கண்ணுக்குத் தெரியும் வேறொரு நிறமாகத் திருப்பித் தருகிறது. இதற்குப் பெயர் ஒளிர்வு. விளக்கை அணைத்தால் ஒளிர்வும் நின்றுவிடும்.

இதை முதலில் ஊன்றிக் கவனிக்க வைத்த பொருள் நமக்கு அந்நியமானதல்ல. மலாயாத் தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிகள் மலேரியாக் காய்ச்சலுக்கு முகம் சுளித்துக்கொண்டு குடித்தார்களே, அதே கொய்னாதான். 1845 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் அறிவியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல், கொய்னாக் கரைசலைச் சூரிய ஒளியில் பார்த்தார். நிறமே இல்லாத அந்த நீரின் மேற்பரப்பில் மட்டும் அழகிய நீலம் தோன்றியது.

அது எதனால் என்று விளக்கியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜார்ஜ் கேப்ரியல் ஸ்டோக்ஸ். 1852 இல் அவர் செய்த சோதனை மிக எளிமையானது. சூரிய ஒளியைக் கண்ணாடிப் பட்டகத்தின் வழியே வானவில்லாகப் பிரித்தார். கொய்னாக் கரைசல் உள்ள குழாயைச் சிவப்பிலிருந்து ஊதா வரை நகர்த்திக்கொண்டே போனார். ஊதாவையும் தாண்டி, எந்த ஒளியும் தெரியாத இருட்டுப் பகுதிக்கு வந்ததும் குழாய் நீல நிறத்தில் ஒளிர்ந்தது. அங்கே கண்ணுக்குத் தெரியாத கதிர் இருக்கிறது என்பதைக் கொய்னா காட்டிக் கொடுத்துவிட்டது.

ஸ்டோக்ஸ் கண்ட விதி ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒளிரும் பொருள் வாங்கும் ஒளி ஒரு நிறம். திருப்பித் தரும் ஒளி வேறு நிறம். திருப்பித் தருவது சிவப்பை நோக்கித் தள்ளியிருக்கும். இரண்டும் வெவ்வேறு நிறம் என்பதால், ஒரு வடிகட்டிக் கண்ணாடியை வைத்து முதல் ஒளியை மறைத்துவிடலாம். பிறகு இருட்டில் ஒளிர்வது மட்டுமே தெரியும். இன்றைய அறுவை சிகிச்சைக் கூடத்தில் நடப்பதும் இதுவேதான்.

ஆற்றைத் தேடிய பச்சைச் சாயம்

1871 இல் ஜெர்மானிய வேதியியலாளர் அடால்ஃப் ஃபான் பேயர் ஒரு புதிய சாயத்தை உருவாக்கினார். அதன் பெயர் ஃபுளூரசீன். மஞ்சள் கலந்த பச்சையாக ஒளிரும் இந்தச் சாயத்தில் ஒரு சிட்டிகை போட்டாலே ஒரு தொட்டி நீர் நிறம் மாறிவிடும். சாயங்கள் குறித்த ஆராய்ச்சிகளுக்காக பேயர் 1905 இல் நோபல் பரிசு பெற்றார்.

இந்தச் சாயம் முதலில் தேடிப் போனது நோயை அல்ல, ஓர் ஆற்றை. ஜெர்மனியில் டானியூப் ஆறு ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைகளுக்குள் மறைந்துவிடும். அந்த நீர் எங்கே போகிறது என்பது நெடுநாள் கேள்வியாக இருந்தது. 1877 இல் 10 கிலோ ஃபுளூரசீனை ஆற்றில் கலந்தார்கள். ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, 12 கிலோமீட்டர் தள்ளியிருந்த ஆக் ஊற்று பச்சை நிறமாகப் பொங்கியது. டானியூபின் நீர் பூமிக்கடியில் ஒழுகி ரைன் ஆற்றுப் பக்கம் போய்ச் சேர்வது இப்படித்தான் உறுதியானது.

கண்ணுக்குத் தெரியாத கசிவைச் சாயம் காட்டிக் கொடுக்கும் என்றால், மனித உடலுக்குள்ளும் அதைச் செய்யலாமே! 1882 இல் பால் எர்லிக் இந்தச் சாயத்தைக் கண்ணுக்குள் ஊறும் நீரை ஆராயப் பயன்படுத்தினார். 1961 இல் அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழக மருத்துவ மாணவர்கள் இருவர், ஹெரால்ட் நோவோட்னி, டேவிட் ஆல்விஸ் என்பவர்கள், சாயத்தைக் கை நரம்பில் செலுத்தி விழித்திரையின் ரத்தக் குழாய்களைப் படம் பிடித்தார்கள். நீரிழிவு நோயால் கண் பாதிக்கப்பட்டு, மஞ்சள் மருந்தை ஊசியில் ஏற்றிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டவர்கள் இந்த நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருக்கக்கூடும். உங்கள் கண்ணில் ஓடியது அந்த டானியூப் சாயம்தான்!

மூளைக்குள் ஒரு மஞ்சள் விளக்கு

கட்டிக்கு வருவோம். 1924 இல் பிரான்சின் லியோன் நகரில் ஆல்பர்ட் பொலிகார் என்பவர், ஆய்வகத்தில் புற ஊதா விளக்கின் கீழ் கட்டிகளைப் பார்த்தபோது அவற்றின் சில பகுதிகள் சிவப்பாக ஒளிர்வதைக் கண்டார். யாரும் எந்தச் சாயமும் ஊற்றவில்லை. போர்ஃபிரின் என்ற இயற்கைப் பொருள் அங்கே சேர்ந்திருந்ததே காரணம். இந்தச் சிவப்பைச் சற்று நினைவில் வைத்திருங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

மனிதர்களிடம் துணிந்து முயன்றவர் ஜார்ஜ் மூர். அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய இளம் அறுவை மருத்துவர். அவர் 1947 இல் ‘சயன்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஃபுளூரசீனை நரம்பில் செலுத்திவிட்டு, புற ஊதா விளக்கில் பார்த்தால் புற்றுநோய்ச் சதை மஞ்சளாக ஒளிர்கிறது என்பதே அதன் சாரம். 1948 இல் மூளைக் கட்டிகளில் இதைப் பயன்படுத்திய அனுபவத்தையும் வெளியிட்டார்.

அந்தக் காலத்தின் நிலையை எண்ணிப் பாருங்கள். சி.டி. ஸ்கேன் இல்லை. எம்.ஆர்.ஐ. இல்லை. மூளையின் உட்குழிகளில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுத்து, கட்டி எங்கே இருக்கிறது என்று ஊகித்துக்கொண்டிருந்தார்கள். நோயாளிக்கு அது கொடுமையான தலைவலியைத் தரும் சோதனை. அத்தகைய காலத்தில், மண்டையைத் திறந்ததும் கட்டியே மஞ்சளாக ஒளிர்ந்து “நான் இங்கே இருக்கிறேன்” என்று சொன்னால் மருத்துவருக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்!

ஆனால் நேயர்களே, 1948 இல் தொடங்கிய இந்த முயற்சி, மூளைக் கட்டிக்கான ஒளிர் மருந்தாக ஐரோப்பாவில் முறையான அனுமதி பெற்றது 2007 இல்தான். ஏறத்தாழ அறுபது ஆண்டுகள். ஏன் இவ்வளவு காலம்?

அறுபது ஆண்டு காத்திருப்பு

முதல் காரணம், சாயத்தின் குணம். மூளைக்கு ஒரு காவல் உண்டு. ரத்தத்தில் உள்ள எல்லாப் பொருளும் மூளைக்குள் நுழைந்துவிட முடியாது. கட்டி இருக்கும் இடத்தில் அந்தக் காவல் பழுதாகிவிடுவதால் ஃபுளூரசீன் கசிந்து உள்ளே போகிறது. ஆனால் வீக்கம் இருந்தாலும் கசியும். மருத்துவரின் கத்தி பட்ட இடத்திலும் கசியும். சாயம் காட்டுவது “இங்கே காவல் உடைந்திருக்கிறது” என்பதை மட்டுமே. “இங்கே புற்றுநோய் இருக்கிறது” என்று அது அறிந்து சொல்வதில்லை.

இரண்டாவது காரணம், துணைக் கருவிகள் இல்லாமை. மங்கலான ஒளிர்வைக் காண அறையை இருட்டாக்க வேண்டும். இருட்டில் ரத்தக் கசிவை நிறுத்துவது எப்படி? நல்ல வடிகட்டிகளும் மெல்லிய ஒளியைப் பிடிக்கும் கேமராக்களும் அப்போது அறுவை சிகிச்சைக் கூடத்தில் இல்லை.

மூன்றாவது காரணம், போட்டிக்கு வந்த கதிரியக்கம். 1946 இலிருந்து அமெரிக்க அணு உலைகளில் தயாரான கதிரியக்கப் பொருள்கள் மருத்துவமனைகளுக்குக் கிடைக்கத் தொடங்கின. மூரே 1948 இல் தம் சாயத்தோடு கதிரியக்க அயோடினைச் சேர்த்துப் பார்த்தார். மண்டையைத் திறக்காமலேயே வெளியிலிருந்து கருவியால் கட்டியின் இடத்தைக் கணிக்க முடிந்தது. ஒளிக்கு அந்த வசதி இல்லை. மருத்துவ உலகத்தின் கவனம் கதிரியக்கத்தின் பக்கம் திரும்பியது.

நான்காவது காரணம், ஸ்கேன். 1971 இல் லண்டனில் முதல் நோயாளிக்கு சி.டி. ஸ்கேன் எடுக்கப்பட்டது. 1980களில் எம்.ஆர்.ஐ. பரவியது. கட்டியை வெளியிலிருந்தே படமாகப் பார்த்த பிறகு, சாயம் எதற்கு என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள்.

ஆனால் ஸ்கேன் படம் நேற்று எடுத்தது. மண்டையைத் திறந்ததும் மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் வடியும், மூளை சற்றுத் தாழும், கட்டியை எடுக்க எடுக்க இடம் மாறும். வீட்டு வரைபடத்தைக் கையில் வைத்திருக்கிறோம்; வீட்டின் சுவர்களோ நகர்ந்துகொண்டிருக்கின்றன! எந்த மில்லிமீட்டரில் நிறுத்துவது என்பதை நேற்றைய படத்தால் சொல்ல முடியாது. பழைய கேள்வி அப்படியே வாசலில் நின்றது.

கட்டி தானே செய்துகொள்ளும் சாயம்

விடை வந்த வழி விந்தையானது. சாயத்தை ஊற்றுவதற்குப் பதிலாக, கட்டியையே சாயம் தயாரிக்க வைத்துவிட்டார்கள்.

நம் ரத்தத்திற்குச் சிவப்பு நிறம் தரும் ஹீம் என்ற பொருளை உடல் படிப்படியாகச் செய்கிறது. தொடக்கத்தில் அமினோலெவுலினிக் அமிலம் என்ற சிறிய மூலப்பொருள். கடைசிக்கு முந்திய படியில் புரோட்டோபோர்ஃபிரின். அதில் இரும்பு சேர்ந்தால் ஹீம் ஆகிவிடும். இரும்பு சேர்ந்த ஹீம் ஒளிர்வதில்லை. இரும்பு சேராத புரோட்டோபோர்ஃபிரினோ, நீல ஊதா ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். 1924 இல் பொலிகார் கண்ட அதே போர்ஃபிரின் குடும்பம்.

மூலப்பொருளை நோயாளிக்கு அதிகமாகக் கொடுத்தால், வேகமாக வளரும் பல கட்டிகளில் இந்த வேலை ஓட்டம் கடைசிப் படியில் தேங்கிவிடுகிறது. புரோட்டோபோர்ஃபிரின் குவிகிறது. அக்கம்பக்கத்து நல்ல மூளைச் சதையில் அவ்வளவாகக் குவிவதில்லை. 1990களில் ஜெர்மனியின் மியூனிக் நகர ஆய்வாளர்கள் இதைச் சிறுநீர்ப்பைக் கட்டிகளில் முயன்று பார்த்தார்கள். அதே நகரில் மூளை அறுவை மருத்துவர் வால்டர் ஸ்டுமர் இதைக் கொடிய மூளைக் கட்டிகளுக்குக் கொண்டுவந்தார்.

நோயாளி மயக்க மருந்துக்குச் சுமார் மூன்று மணி நேரத்திற்கு முன்பு, நீரில் கரைத்த மருந்தைக் குடிக்கிறார். நுண்ணோக்கியில் வெள்ளை ஒளியில் மருத்துவர் வழக்கம்போல் வேலை செய்கிறார். ஒரு பொத்தானை அழுத்தினால் ஒளி நீல ஊதாவாக மாறும். நல்ல மூளை நீலமாகத் தெரியும். கட்டி, எரியும் கரியைப் போல் சிவப்பாகத் தெரியும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஒரு நாள் வரை நோயாளி வலுவான வெளிச்சத்திலிருந்து விலகி இருக்க வேண்டும்; தோலும் ஒளிக்குக் கூச்சப்படும்.

அழகான காட்சிதான். ஆனால் அழகு மட்டும் மருத்துவமாகிவிடாது. ஸ்டுமரும் அவருடைய குழுவினரும் செய்த பெரிய காரியம், இதை முறையான சோதனைக்கு உட்படுத்தியதுதான். ஜெர்மனியின் பல மருத்துவமனைகளில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒளிரும் மருந்து. மறு பிரிவுக்கு வழக்கமான வெள்ளை ஒளி. 270 நோயாளிகளின் முடிவுகள் 2006 இல் வெளிவந்தன. அறுவை சிகிச்சைக்குப் பிந்திய எம்.ஆர்.ஐ. படத்தில் கட்டியின் மிச்சம் தெரியாதவர்கள் ஒளிப் பிரிவில் 65 விழுக்காடு. வெள்ளை ஒளிப் பிரிவில் 36 விழுக்காடு. ஆறு மாதம் வரை நோய் மீண்டும் முற்றாமல் இருந்தவர்கள் 41 விழுக்காடு. மறு பிரிவில் 21 விழுக்காடு.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மொத்த ஆயுள் கூடியது என்று அந்த ஆய்வால் உறுதியாக நிறுவ முடியவில்லை. மூளைக்குள் வேர்விட்ட கட்டி அவ்வளவு கொடியது. இருந்தாலும், கட்டியின் எல்லையை ஒளி சரியாகக் காட்டுகிறது என்பது எண்களோடு நிறுவப்பட்டுவிட்டது. 2007 இல் ஐரோப்பாவும் 2017 இல் அமெரிக்காவும் அனுமதி தந்தன. மூரின் ஃபுளூரசீனும் 2010களில் புதிய வடிகட்டிகளோடு மூளை அறுவை சிகிச்சைக்குத் திரும்பி வந்தது. சாயம் பழையது, அதைப் பார்க்கும் கண்தான் புதியது.

ஜப்பானில் கிடைத்த எதிர்பாராத பரிசு

நீலத்திற்கும் சிவப்புக்கும் ஒரு குறை உண்டு. உள்ளங்கையின் பின்னால் கைவிளக்கைப் பிடித்துப் பாருங்கள். சிவப்பு மட்டும் கொஞ்சம் ஊடுருவி வரும். மற்ற நிறங்களை ரத்தம் விழுங்கிவிடும். சிவப்பையும் தாண்டி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பின் தொடக்கப் பகுதிக்குப் போனால், ரத்தமும் நீரும் ஒளியை விழுங்குவது குறைவு. உடலில் ஒளி நுழைய இயற்கை திறந்து வைத்திருக்கும் ஒரு சன்னல் அது.

அந்தச் சன்னலில் ஒளிரும் சாயம் 1950களிலேயே இருந்தது. இண்டோசயனின் கிரீன் என்பது அதன் பெயர். கோடாக் புகைப்பட நிறுவனத்தின் ஆய்வகத்தில் உருவாகி, மாயோ மருத்துவமனையில் சோதிக்கப்பட்டு, 1959 இல் அமெரிக்க அனுமதி பெற்றது. இதயத்தின் ரத்த ஓட்டத்தையும் கல்லீரலின் திறனையும் அளக்கவே அது பயன்பட்டது.

2009 இல் ஜப்பானிய அறுவை மருத்துவர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லீரல் கட்டி உள்ள நோயாளிகளுக்கு, அறுவை சிகிச்சைக்குச் சில நாள் முன்பு, கல்லீரலின் திறனை அறிய வழக்கம்போல் இந்தச் சாயத்தைச் செலுத்தியிருந்தார்கள். அறுவை சிகிச்சையின்போது அகச்சிவப்புக் கேமராவில் பார்த்தால் கட்டிகள் ஒளிர்ந்துகொண்டிருந்தன! நல்ல கல்லீரல் சாயத்தைப் பித்தநீரோடு வெளியேற்றிவிட்டது. புற்றுநோய் அதை வெளியேற்ற முடியாமல் பிடித்து வைத்திருந்தது. ஐம்பது ஆண்டுகளாக மருந்து அலமாரியில் இருந்த பொருள், கேமரா வந்த பிறகுதான் தன் இன்னொரு திறமையைக் காட்டியது.

பூட்டும் சாவியும்

இதுவரை சொன்ன சாயங்கள் எல்லாம் தற்செயலாகக் கட்டியில் சேர்ந்தவை. அடுத்த தலைமுறை ஆய்வாளர்கள், கட்டியை அடையாளம் கண்டு ஒளிரும் சாயத்தைத் திட்டமிட்டே உருவாக்கினார்கள். அதில் இரண்டு வழிகள் உண்டு.

ஒன்று, அணைந்த விளக்கு. ஒளிரும் மூலக்கூறுகளை மிக நெருக்கமாகக் கட்டி வைத்தால் ஒன்றின் ஒளியை மற்றொன்று அணைத்துவிடும். புற்றுநோய்க் கட்டிகள் சுற்றியுள்ள சதையை அரித்துப் பரவுவதற்குக் கத்திரிக்கோல் போன்ற நொதிகளைச் சுரக்கின்றன. அந்தக் கத்திரிக்கோல் வெட்டும்படியான நூலால் சாயத்தைக் கட்டி வைத்தால்? கட்டியே நூலை வெட்டும், விளக்கு எரியும். 1999 இல் பாஸ்டன் நகரின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையைச் சேர்ந்த ரால்ஃப் வைஸ்லெடரின் குழு எலிகளில் இதைச் செய்து காட்டியது. திருடன் தன் கையாலேயே எச்சரிக்கை மணியை அடித்துவிடுகிறான்!

ஒளிரும் புரதங்களுக்காக 2008 இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ரோஜர் சியென், தம் வாழ்வின் பிற்பகுதியில் இந்தத் துறைக்கு வந்தார். அறுவை மருத்துவர் குயென் நுயெனோடு சேர்ந்து, நொதி வெட்டினால் மட்டும் கட்டியில் ஒட்டிக்கொள்ளும் சாயத்தை எலிகளில் சோதித்து 2010 இல் வெளியிட்டார். மறு ஆண்டே, நரம்புகளை ஒளிரச் செய்யும் சாயத்தையும் இருவரும் காட்டினார்கள். எதை வெட்ட வேண்டும் என்பது எவ்வளவு முக்கியமோ, எதை வெட்டக்கூடாது என்பதும் அவ்வளவு முக்கியம் அல்லவா? சியென் 2016 இல் காலமானார்.

இரண்டாவது வழி, சாவி. கருவுற்ற பெண்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை கொடுப்பதை அறிவீர்கள். வளரும் உயிரணுக்களுக்கு அது தேவை. சினைப்பைப் புற்றுநோயில் பெரும்பாலானவை ஃபோலேட்டைப் பிடிக்கும் பூட்டுகளைத் தம் மேற்பரப்பில் ஏராளமாக வைத்திருக்கின்றன. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகப் பேராசிரியர் பிலிப் லோ, ஃபோலேட் என்ற சாவியில் சாயத்தைக் கோத்தார். 2011 இல் நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் மனிதர்களிடம் முதன்முதலாக அது பயன்பட்டது. வயிற்றுக்குள் கண்ணுக்குத் தப்பிய சிறு கட்டிகள் நட்சத்திரங்களைப்போல் ஒளிர்ந்தன. அப்போது பயன்பட்டது பச்சைச் சாயம். பின்னர் அகச்சிவப்பில் ஒளிரும் சாயமாக மாற்றப்பட்டு, 2021 இல் பாஃபோலசயனின் என்ற பெயரில் அமெரிக்க அனுமதி பெற்றது. அந்த அனுமதிக்கு அடிப்படையான ஆய்வில் 134 பெண்களில் 26.9 விழுக்காட்டினருக்கு, கண்ணாலும் கையாலும் அறிய முடியாத ஒரு புற்றுநோய்க் கட்டியாவது ஒளியால் பிடிபட்டது. 2022 இல் நுரையீரல் கட்டிகளுக்கும் அனுமதி கிடைத்தது.

1999 இன் அணைந்த விளக்கு முறையும் மருத்துவமனைக்கு வந்துவிட்டது. மார்பகத்தில் கட்டியை எடுத்த பிறகு, அந்தக் குழியில் மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க உதவும் பெகுலிசயனின் என்ற மருந்துக்கு அமெரிக்கா 2024 இல் அனுமதி தந்தது. கடும் ஒவ்வாமை ஏற்படலாம் என்ற எச்சரிக்கையும் அதோடு சேர்ந்தே வந்தது.

சாட்சிதான், நீதிபதி அல்ல

கருத்தரங்கில் அமர்ந்திருந்த ஓர் அம்மா என்னைக் கேட்டார்: “அப்படியென்றால், இந்த மருந்தைக் குடித்துவிட்டு வீட்டிலேயே விளக்கைப் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமா, தம்பி? ஸ்கேன் செலவு மிச்சமாகுமே!” அரங்கமே சிரித்தது. ஆனால் அது நல்ல கேள்வி.

முடியாதம்மா. நீல ஒளி சதைக்குள் மில்லிமீட்டர் அளவுதான் போகும். அகச்சிவப்புகூட ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான். வயிற்றுக்குள் எங்கே கட்டி இருக்கிறது என்று வெளியிலிருந்து தேடுவது ஸ்கேனின் வேலை. திறந்த பிறகு, மேற்பரப்பில் மிச்சம் இருக்கிறதா என்று காட்டுவது ஒளியின் வேலை.

இன்னொரு வரம்பும் உண்டு. ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல. வெறும் அழற்சிகூடச் சில வேளைகளில் ஒளிரும். ஒளிராததெல்லாம் நல்ல சதையும் அல்ல. மூளையில் கட்டி ஒளிர்ந்தாலும், அந்த இடம் பேச்சையோ கை அசைவையோ ஆளும் பகுதியாக இருந்தால், மருத்துவர் கத்தியை நிறுத்த வேண்டியிருக்கும். ஒளி ஒரு சாட்சி. தீர்ப்பு மருத்துவரின் அனுபவத்திலும் ஆய்வக நுண்ணோக்கியிலும்தான் இருக்கிறது.

இந்த வரலாற்றில் நான் காணும் பாடமும் அதுதான். 1948 இல் ஒளி இருந்தது. ஆனால் அதன் சாட்சியம் எவ்வளவு நம்பத்தக்கது என்று அளந்து பார்க்கும் வழி இல்லை. 2006 இல் அதை அளந்தார்கள். அளந்த பிறகுதான் அது சிகிச்சையாயிற்று. புதிய கருவி, புதிய மருந்து என்று விளம்பரம் வரும்போதெல்லாம் நாமும் கேட்க வேண்டிய கேள்வி: “எத்தனை பேரிடம் சோதித்தார்கள்? இது இல்லாதவர்களோடு ஒப்பிட்டார்களா?”

நம் வாய்க்கு ஒரு விளக்கு

கடைசியாக, நம் வீட்டுச் செய்தி ஒன்று. மூளைக்குப் பயன்பட்ட அதே அமினோலெவுலினிக் அமிலத்தை வாய்ப்புற்றுநோயைக் கண்டறியப் பயன்படுத்தும் ஆய்வை, சிங்கப்பூர் தேசியப் புற்றுநோய் நிலைய ஆய்வாளர்கள் 2002 இல் வெளியிட்டார்கள். நமக்கு அது தூரத்துச் செய்தி அல்ல. மலேசியாவில் வாய்ப்புற்றுநோய் மற்ற இனத்தவரைவிட இந்தியர்களிடையே அதிகம் என்பது மருத்துவர்கள் நெடுங்காலமாகச் சொல்லி வரும் உண்மை. வெற்றிலையோடு புகையிலை சேர்ப்பது மட்டுமல்ல, பாக்கு தனியாகவே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் வகைப்படுத்தியது.

வாய்க்குள் பார்க்க நோபல் பரிசு பெற்ற சாயம் தேவையில்லை. பல் மருத்துவரின் கையில் உள்ள சிறு கண்ணாடியும் விளக்கும் போதும். ஆறாத புண், வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரத்திற்கு மேல் இருந்தால் காட்டிவிடுங்கள். வீட்டில் வெற்றிலை போடும் பாட்டி இருந்தால், அவரைக் கடிந்துகொள்ளாமல் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள். கட்டி சிறிதாக இருக்கும்போது அதன் எல்லையும் சிறிது.

நேயர்களே, கொய்னாக் குழாயில் தெரிந்த நீல ஒளி, ஓர் ஆற்றின் வழியைத் தேடி, கண்ணுக்குள் நுழைந்து, மூளை வரை வந்து சேர ஒரு நூற்றாண்டு. அங்கிருந்து நம்பிக்கைக்குரிய சிகிச்சையாக மாற இன்னும் அறுபது ஆண்டுகள் பிடித்தன. இன்றும் டாக்டர் கதவைத் திறந்து வரும்போது நாம் அதே கேள்வியைத்தான் கேட்போம். அவரும் “கண்ணுக்குத் தெரிந்தவரை எடுத்துவிட்டோம்” என்றே சொல்வார். ஆனால் அந்தக் கண்ணுக்கு இப்போது முன்னைவிடச் சற்று அதிகம் தெரிகிறது. ஒரு குடும்பத்திற்கு அந்தச் “சற்று” மிகப் பெரிது.